என் கணவர் பிணமாக நடித்த படம்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம், ஆவணி மாதம், எங்கள் குரும்பகரத்துக்குச் சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஒரு பண்ணையாரின் பிணம் பாடையிலிருந்தே காணாமல் போகிறது. எடுத்தது யார் என்பதுதான் கதை. பண்ணையாராக நடிக்க வந்தவர் பாடையில் மட்டும் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். அபசகுனமாம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், நாற்றங்காலிலிருந்து வந்த சேற்றுக் காலோடு போய்ப் படுத்துக்கொண்டார். முகத்தை மூடிவிட்டார்கள். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. தூக்கியவர்கள் எங்கள் தெரு ஆட்கள் நால்வர். நாலடி போவதற்குள் துணிக்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும், பாடை குலுங்கும். இறக்கி வைத்து மறுபடி தூக்குவார்கள். மதியம்வரை இதே வேலை.

அந்த ஐப்பசியில் எட்டு நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். அதே நால்வர்தான் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது முன்னால் பிடித்தவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

“இந்த வாட்டி ஆடாம வர்றாரு.”

சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

கோடையில் அந்தப் படம் திருநள்ளாறு டென்ட் கொட்டகைக்கு வந்தது. நான் வெளியே இறங்கக் கூடாது என்றார் மாமியார். அவர் பேச்சைக் கேட்காமல் நாத்தனார் என்னை வண்டியில் ஏற்றினாள்.

பாடை வந்தது. பாதத்தில் சேறு காய்ந்திருந்தது. ஓரிடத்தில் துணி லேசாகக் குலுங்கியது. அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். கொட்டகையே சிரித்தது. நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போய்விடலாம் என்றாள்.

“இரு, பொணத்த யாரு எடுத்தான்னு பாத்துட்டுப் போவோம்” என்றேன்.

யாரும் எடுக்கவில்லை. பண்ணையார் சாகவே இல்லையாம். தானே இறங்கி ஓடி வைக்கோல்போரில் ஒளிந்துகொண்டு, தன் கருமாதிச் சாப்பாட்டைத் திருடித் தின்கிறார். அந்த முகம் சென்னை நடிகருடையது.

திரும்பும் வழியில் நாத்தனார் கேட்டாள். “ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலையா அண்ணி?”

கால் மரத்துப்போயிருக்கிறது என்றேன். உண்மையிலேயே மரத்துத்தான் போயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் நடந்தே போனேன். பாடைக் காட்சி முடிந்ததும் எழுந்துவிட்டேன். டிக்கெட் கிழிப்பவர், “கதையே இனிமேத்தாம்மா இருக்கு” என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மாமியார் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார். சாப்பிட்டேன். அடுத்த நாள் கொட்டகையில் வேறு படம் மாற்றிவிட்டார்கள்.