குமமோட்டோவும் நான்ஜிங்கும் ஒரே காரில்

துணி துவைக்கும் அறையில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. குபெர்டினோ, 1998. எங்கள் அடுக்ககத்தின் பொது டிரையர் ஓடி முடியட்டும் என்று காத்திருந்தேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஜப்பான்காரர் பக்கத்து மேஜையில் சட்டைகளைக் கடையில் அடுக்குவதுபோல மடித்துக்கொண்டிருந்தார். அலுவலகம் இருந்தது சான் ரமோனில். என்னைப் போலவே அவரிடமும் கார் இல்லை. ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து, மூச்சு வாங்கியபடி மீட்டிங்கில் நுழைவார். நானோ இதே வளாகத்தில் குடியிருந்த சீனத் தோழியின் காரில் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தேன். அதன் பின் சீட்டு காலி.

சீனா, ஜப்பான். பக்கத்துப் பக்கத்து நாடுகள். இருவரும் சோற்றைக் குச்சியால் சாப்பிடுகிறவர்கள். இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்? கார் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்காமலே, "நாளைக் காலையில் பார்க்கிங்குக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மறுக்கவில்லை. "சரி, ஏறட்டும்" என்றாள்.

காரில் மூன்று பேரும் ஆங்கிலம்தான் பேசினோம், மூன்று விதமான ஆங்கிலம். மலைகள் பச்சையாக இருந்த மாதம். யாரும் பேசாமல் வருவது எனக்குத் தாங்கவில்லை. ஈரோட்டில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் முதலில் கேட்பது சொந்த ஊர்; அடுத்தது அப்பா என்ன பண்ணுகிறார். பெயரெல்லாம் அப்புறம்தான். நான் திரும்பிப் பார்த்து அவரிடம் கேட்டேன்.

"குமமோட்டோ" என்றார். "தெற்கே."

"அப்பா?"

"பள்ளிக்கூட ஆசிரியர்."

"தாத்தா?" நான் அதோடு நிறுத்துகிற ஆளில்லை.

"விவசாயி. போருக்கு முன்னால் ராணுவத்தில் எடுத்தார்கள். சீனாவில் இருந்தார்."

"அட, இவளும் சீனாதானே!" என்று தோழியின் பக்கம் திரும்பினேன். "உன் ஊர் எது? இத்தனை நாளாகக் கேட்கவே இல்லையே!"

அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான்ஜிங்."

பின் சீட்டில் ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான். அவள் ரேடியோவில் டிராபிக் செய்தியைச் சத்தமாக வைத்தாள். சான் ரமோன் வரும்வரை, எந்தப் பாலத்தில் எந்த லாரி நின்றுவிட்டது என்பதை மூவரும் மிகுந்த அக்கறையோடு கேட்டோம். இறங்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நாளையிலிருந்து நீ மட்டும் வா."

மாலையில் என் அறைத்தோழியிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்து அக்கா, கணக்காளர். வெங்காயம் நறுக்கியபடியே கேட்டார்.

"நான் என்னக்கா தப்பாக் கேட்டுட்டேன்? ஊர் எதுன்னுதானே கேட்டேன்!"

"உமக்கென்ன விசரே? ஏறின உடனே ஆரும் ஊர் கேப்பினமோ?"

"எங்க ஊர்ல எல்லாரும் கேப்பாங்க."

"எங்கட பக்கம் றோட்டை மறிச்சுச் சென்றியில நிக்கிற ஆமிக்காரன்தான் கேப்பான்." கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தார். "போம், போய்ப் படியும். இஞ்சினியர் எண்டு சொல்லிறீர், நான்ஜிங் தெரியாதாம்."

நூலகத்துக்கு ஓடினேன். எங்கள் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் சீன ஜப்பான் போர் ஒரு பத்தியாக இருந்தது. அது பரீட்சைக்கு வராது என்று டீச்சர் சொன்னதும் சந்தோஷமாகப் பென்சிலால் அடித்திருந்தேன். அந்த ஒரு பத்திக்குள் இவ்வளவா! எழுத்தும் பௌத்தமும் தேநீரும் சீனாவிலிருந்துதான் ஜப்பானுக்குப் போயிருக்கின்றன. கொரியா யாருக்கு என்ற சண்டையில் 1895இல் ஜப்பான் ஜெயித்துத் தைவானை எடுத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் சீன மாணவர்கள் டோக்கியோவுக்கே படிக்கப் போகிறார்கள்! இதுவரைக்கும் எனக்கு ஒரே குஷி, கதை இப்படித் திரும்புகிறதே என்று. பிறகு ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடிக்கிறது. பிறகு 1937, நான்ஜிங். நகரம் ஜப்பானியப் படையிடம் விழுந்த பின்னர் அங்கே நடந்த படுகொலையைப் படிக்கப் படிக்க என் வேகம் குறைந்தது. அங்கே நுழைந்த படைகளில் ஒன்று குமமோட்டோவிலிருந்து போனது. நான் காருக்குள் கேட்ட இரண்டு ஊர்களும் புத்தகத்தின் ஒரே பக்கத்தில் இருந்தன.

அந்த வாரம் முழுக்க அவர் மறுபடி ரயிலும் பஸ்ஸுமாக வந்தார். என் லிஃப்ட் போய்விடவில்லை. ஆனால் தோழி போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. தினமும் கதவைத் திறந்தாள், தினமும் டிராபிக் செய்தி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவரே எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சட்டை மடித்த அதே கச்சிதத்தோடு பேசினார்.

"லிஃப்ட் கேட்க வரவில்லை. எங்கள் பள்ளிப் புத்தகத்தில் நான்ஜிங் சில வரிகள்தான். சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். உங்களுக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் நான் கேட்கிறேன். இல்லாவிட்டாலும் சரி."

அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ பின்னால் போ. முதுகுக்குப் பின்னால் இருக்கிறவரோடு என்னால் பேச முடியாது."

நான் மூன்று பேருடைய சாப்பாட்டு டப்பாக்களையும் மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினேன். அன்று ரேடியோ இல்லை. அவளுடைய அப்பாவுக்கு அப்போது மூன்று வயது. தண்ணீர் எடுக்கப் போன அப்பாவின் அண்ணன் திரும்பவில்லை. சொன்னது அவ்வளவே. அவர் மன்னிப்பும் சொல்லவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அந்த அண்ணனுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். "பதினொன்று" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் வாயை மூடிக்கொண்டு மலைகளைப் பார்த்தேன்.

திங்கள்கிழமையும் அவர் முன் சீட்டில் இருந்தார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து என் லெமன் சாதத்தைக் கிண்டல் செய்யும் அளவுக்கு முன்னேறிவிட்டார்கள்.

"தினமும் மஞ்சளாகவே இருக்கிறதே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்பாள் அவள்.

"ஜப்பானிலும் சீனாவிலும் இதற்குப் பேச்சுவார்த்தையே தேவையில்லை. ஒரே கருத்துதான்" என்பார் அவர்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் அவள் சொன்னாள், வரும் சனிக்கிழமை அப்பா நான்ஜிங்கிலிருந்து வருகிறார். பெட்டிகள் நிறைய.

"நான் தூக்க வரட்டுமா?" என்றார் அவர்.

சிக்னல் பச்சையான பிறகும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார்.

"எங்கள் அப்பாவும் இவளைப் போலத்தான். முதலில் ஊரைத்தான் கேட்பார்."

"கேட்டால் சொல்கிறேன்."

"சொன்ன பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார்.

கடைசியில் மூவரும் சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டுக்குப் போவது என்று முடிவானது. எனக்குச் சொந்தமாக ஒரு நிபந்தனை: அவள் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் பேசக் கூடாது. ஒரு பாக்கெட் பெப்பர்மின்ட் சூயிங்கம் வாங்கி வைத்திருக்கிறேன், வாய்க்கு வேலை வேண்டுமே.