பத்தொன்பதாவது முனை

முதலில் கெட்டது என் கை என்று எனக்குத் தெரியாது. தூரிகை என்றுதான் நினைத்தேன்.

கிட்டாரின் உடல் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பு நெடுகத் தாழம்பூ ரேக்கு வரைந்துகொண்டிருந்தேன். பட்டுச் சேலையின் கரையில் கூர் கூராக வரிசையாக நிற்குமே, அந்த முக்கோணங்கள். பன்னிரண்டாவது முனையில் இரண்டு கோடுகளும் உச்சியில் சேராமல் ஒன்றையொன்று தாண்டிப் போயின. தூரிகையைத் திட்டினேன். அதை விற்ற கடைக்காரனையும் திட்டினேன். புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் சட்டைப் பட்டன் போட அதிக நேரம் ஆகிறதா? செருப்பு நழுவுவது தெரியாமல் நடக்கிறீர்களா? அப்படியானால் யாரையும் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். நான் போகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இருபது வருடமாக எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன் நான். கிட்டார் சர்ச்சுடையது. நாற்பத்தாறு வயதில்தான் எனக்கென்று ஒன்று வாங்கினேன். எலக்ட்ரிக் கிட்டார், ஆனால் முழுதாக இல்லை. உடல் ஒரு கட்டை, கழுத்து தனி, வயர்களும் ஸ்க்ரூக்களும் ஒரு பொட்டலம் என்று அட்டைப்பெட்டியில் வந்தது. நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அதை வாசிப்பது என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்துவிட்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குச் சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் வெறும் பெயிண்ட் எனக்குப் போதாது, ரேக்கு வேண்டும். சனிக்கிழமைக்கு ஒரு முனை, மொத்தம் நாற்பது. பிப்ரவரியில் தொடங்கினால் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன்.

நடுவில் வயரிங் வேலையையும் ஆரம்பித்தேன். குனிந்து பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தம்) சால்டரிங் செய்தபோது, பின்கழுத்திலிருந்து கால்வரை சுரீரென்று கரண்ட் ஓடியது. எர்த் சரியில்லை என்று தெருமுனை எலக்ட்ரீஷியன் கரீமைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். உனக்குத் தொழில் தெரியவில்லை என்று அவரையும் திட்டினேன். பாவம், பிளக் பாயிண்டையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு பற்றவைத்தேன். குனிந்ததும் மறுபடி கரண்ட்.

பத்தொன்பதாவது முனை உச்சியில் வளைந்துபோன வாரம், ஞாயிறு ஜெபத்தில் தலை குனிந்தேன். அதே கரண்ட். பக்கத்தில் வயரும் இல்லை, பிளக்கும் இல்லை. எர்த்தின்மேல் தப்பில்லை என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

ஆனாலும் சொல்லவில்லை. கை நடுங்குகிறது, கால் தளர்கிறது என்றால் நம் ஊரில் என்ன பேர் வைப்பார்கள்? நரம்புத் தளர்ச்சி. அந்தப் பேருக்கு பஸ் ஸ்டாண்ட் சுவரில் லாட்ஜ் வைத்தியர் ஒட்டும் நோட்டீஸில் வேறு அர்த்தம். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அந்த வார்த்தையை எப்படி எடுப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி ஸ்டெல்லாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

இருபத்தெட்டாவது முனை குழந்தை கிறுக்கியது போல வந்தது. அந்த வாரம் ஒரு நாள், செவிலிமேட்டில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே ஸ்டெல்லா நிறுத்தினாள்.

"இன்னாங்க, ஒத்தச் செருப்போட வந்துக்கினு இருக்கீங்க? கால்ல ரத்தம்."

குனிந்து பார்த்தேன். இடது பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. வலி துளியும் இல்லை. அப்போதுதான் பயந்தேன்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலின் உள்ளே படமெடுப்பது) எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். அறுவை மருத்துவர் என்னைவிட வயதில் சிறிய பெண். எவ்வளவு நாளாக என்று கேட்டார். இரண்டு வாரமாக என்று புளுகினேன். ஸ்டெல்லா போனில் இருந்த கிட்டார் படத்தை எடுத்து நீட்டினாள். சனிக்கிழமைக்கு ஒன்று என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கி, முனைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டில் விரல் நின்றது. பத்தொன்பதில் மறுபடி நின்றது. என் கேஸ் ஷீட்டை அவருக்கு முன்பே நான்தான் எழுதி வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

செர்விகல் மைலோபதி (கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்குவது) என்றார். குனியும்போது நசுங்கிய இடம் இழுபடுவதால் கரண்ட் அடித்தது போல ஓடுமாம்.

"ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல கெடாம நிறுத்தலாம். போனது திரும்பும்னு சொல்ல மாட்டேன் சார். கொஞ்சம் திரும்பலாம். சீக்கிரம் வந்திருக்கலாம்."

செப்டம்பரில் முன்கழுத்தைத் திறந்து, கெட்ட ஜவ்வுகளை எடுத்துவிட்டு, ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் வைத்தார்கள். நடை கொஞ்சம் தேறியது. விரல்கள் தேறவில்லை. பட்டன், பெல்ட், சோறு பிசைவது, எல்லாம் ஸ்டெல்லா. ஒரு நாள் பட்டனை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டாள்.

"திட்டுங்க, அது பழக்கந்தான். இவ்ளோ மாசம் எங்கிட்ட சொல்லாம மறைச்சீங்களே, அதான் எனக்கு ஆறல."

அன்றுதான் அந்த நோட்டீஸ் வார்த்தையைச் சொன்னேன். இதற்காகவா என்று சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். எனக்குச் சாகலாம் போல இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் கரீம் தானாகவே வந்து கிட்டாரைப் பூட்டினார். கழுத்துக்கு நாலு ஸ்க்ரூ. எனக்கு இரண்டு அதிகம். கம்பி மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் சொருகிச் சத்தம் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எர்த்து சரியாத்தாண்ணே இருக்குது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது எதையும் அப்படித்தான் பிடிக்கிறேன். ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சர்ச் கிட்டாரை வேறொருவர் வாசித்தார்.

மார்ச்சில், ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆனபோது, இனிமேல் பெரிதாக மாறாது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை கிட்டாரை மடியில் வைத்து இருபத்தொன்பதாவது முனையைப் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. விளிம்பைச் சுற்றி ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டாவதைவிட நன்றாக இருந்தது. பதினொன்றாவதைப் போல இல்லை. அச்சு அசலாகப் பத்தொன்பதாவது.

கிட்டாரின் கழுத்தைப் பிடித்து, ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மூன்று விரல்களைக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் நின்றது. மூன்றாவது நழுவியது.

ஜெபத்தில் தலை குனிந்த வாரத்துக்கு என் கை திரும்பி வந்திருக்கிறது. சொல்லியிருக்க வேண்டிய வாரம் அது. அதற்கு முந்தைய வாரங்களுக்கு இனி வழி கிடையாது. அடுத்த சனிக்கிழமை முப்பதாவதைப் போடுவேன். அதுவும் பத்தொன்பதாவதாகத்தான் இருக்கும்.