மேலேயும் சரி, இடப்பக்கமும் சரி

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுப் பக்கம் சாங்வியில் ரிக்‌ஷா ஏறியதிலிருந்து, பாடத்துக்கு வெட்டி வைத்த கண்ணாடித் தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனேன். கணக்குத் துறைத் தலைவர் என் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் கான்ட்ராக்ட். கோயம்புத்தூரை விட்டு இந்த வடக்கத்தி ஊருக்கு வந்த நாளாக இதே இழுபறிதான். வீட்டுக்காரருக்கு போசரியில் கம்பெனி வேலை, அதுவும் எப்போது ஆட்டம் காணும் என்று தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு. நேர்கோட்டு வரைபடத்தை நகர்த்துவதுதான் பாடம். போர்டில் படம் போட்டுப் பிள்ளைகளை அறுக்க எனக்குப் பிடிக்காது. ஆளுக்கொரு கட்டத்தாள், அதன்மேல் y = x கோடு வரைந்த கண்ணாடித் தாள். தள்ளு, எங்கே போய் நிற்கிறது என்று பார், அவ்வளவுதான். y = x + 3 வர எப்படித் தள்ளுவீர்கள் என்று கேட்டேன். வகுப்பே மூன்று கட்டம் மேலே தள்ளியது. இரண்டாம் பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண் மட்டும் மூன்று கட்டம் இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

தலைவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, தப்பு, மேலே தள்ளு என்று ஹிந்தியில் அதட்டினார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கோட்டை மேலே ஏற்றினாலும் அதே அளவு இடப்பக்கம் தள்ளினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? விடைக்குறிப்பில் 'மேலே' என்று இருந்தால் அவருக்கு மேலேதான். பேசாமல் இருடி என்று மனசு கெஞ்சியது. நாக்கு கேட்டால்தானே.

"சார், அவ பண்ணதும் சரிதான்" என்றேன். அவள் தாளையும் பக்கத்துப் பெண்ணின் தாளையும் தூக்கிக் காட்டினேன். இரண்டு கோடும் ஒரே புள்ளிகள் வழியாகத்தான் போயின. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் பேனாவை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் முடிவு வரும்வரை தூக்கமில்லை. போன் முனகினால்கூடப் பதறினேன். கடைசியில் வகுப்பில் கட்டுப்பாடு போதாது என்று எழுதிவிட்டார், பழையபடி கான்ட்ராக்ட்தான். வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாமல்ல என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். ஆத்திரமாக வந்தது, ஆனால் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. எனக்கு நிரந்தரம் ஆகாத காரணம் ஸ்டாஃப் ரூமில் அடிபட்டது, அந்தப் பேச்சு பிள்ளைகள் காதுக்குப் போகாமல் இருக்குமா?

அடுத்த டெஸ்டில் வேண்டுமென்றே, எந்தெந்தப் பக்கம் தள்ளலாம் என்று கேட்டு வைத்தேன். அந்த இரண்டாம் பெஞ்சுப் பெண் 'மேலே' என்று மட்டும் எழுதியிருந்தாள். கூப்பிட்டு, இடப்பக்கம் எங்கே போச்சு என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள்:

"அதுவும் சரின்னு தெரியும் மிஸ். அதைச் சொன்னதுக்குத்தானே உங்க வேலையை நிரந்தரம் பண்ணலை."