நூரா கேட்ட பாஸ்போர்ட்

ஒரு பெண்ணை நான் காட்டிக் கொடுத்தேன். அவள் பெயர் நூரா. சவூதியில் நான் வேலை செய்த வீட்டுக்காரரின் மகள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள். உங்களையும் முழுதாக நம்பிச் சொல்லவில்லை...

எனக்கு ஊர் மட்டக்களப்பு. படிப்பு ஆறாம் வகுப்பு. வீட்டு வேலைக்கென்று போன அன்றே முதலாளி என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவருடைய மனைவி, மகள் பாஸ்போர்ட்டுகளும் அதே தட்டில்தான் கிடந்தன. அலுமாரியைத் துடைக்கும் நாளில் மட்டும் சாவி என் கைக்கு வரும்.

அங்கே வேலைக்காரிகளைச் சோதிப்பார்கள். முதலாளியின் மனைவி, மேடம், குளியலறையில் மோதிரத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடுத்து ஒளித்தால் பொலிஸ். கண்டதை உடனே கொடுத்துவிடு என்று ஊரில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரே மோதிரத்தை நாலு தடவை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

நூராவுக்குப் பத்தொன்பது வயது. நான் சமைக்கும்போது குசினிக்கு வந்து என்னைச் சீண்டுவாள்.

“நீ கதைக்கிற அரபியை விட என்ட தம்பி மூணு வயசில நல்லாக் கதைச்சான்.”

ஒரு நாள் சிரிக்காமல் வந்தாள். கழுத்தில் தகப்பன் அடித்த தடம். தகப்பனை விட மூத்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள்.

“அலுமாரியில இருந்து என்ட பாஸ்போர்ட்டை எடுத்துத் தா. வெள்ளிக்கிழமை போயிருவன். உன்ட பேர் வெளியில வராது.”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதுவும் அந்த மோதிரம் மாதிரித்தான்... மேடம் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று. கழுத்துத் தடத்தைக் கண்ணால் கண்ட பிறகும் அப்படி நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருந்ததா?

அன்று பின்னேரமே மேடத்திடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. அது சோதனை இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

நூராவை மேல் அறையில் பூட்டினார்கள். சாப்பாடு கொண்டுபோனது நான். தட்டை வைப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். கலியாணத்துக்கு முதலே என் ஒப்பந்தம் முடிந்தது. என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் தந்தார்கள்.

இப்போது மொன்றியலில் மகனோடு இருக்கிறேன். நகருக்கு வெளியே சென்ட்-ஆனில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை. போன மாரிக் குளிரில், நான் சவூதியில் இருந்ததை அறிந்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியை, அரபு நாட்டில் பெண்கள் படும் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி கேட்டாள். இவளுக்கு ஏன் என் கதை என்று யோசித்தேன். பிறகு போனேன். மேடம் அயர்ன் பெட்டியால் சுட்ட தழும்பைக் காட்டினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் யாருக்கு என்ன செய்தேன் என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அது வசதி.

மொழிபெயர்த்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னாள்:

“அன்ரி, ரீச்சரே அழுதிட்டா. நீங்கள் கல்லு மாதிரி நிக்கிறியள்.”

கை தட்டாமல் இருந்த ஓர் அரபுப் பெண் கிட்ட வந்தாள். அந்த வீட்டில் மகள்மார் இருந்தார்களா என்று அரபியில் கேட்டாள்.

“அடைச்சு வச்சிருக்கிற பிள்ளைகளத் தேடுறம். அங்க எங்கட ஆக்கள் இருக்கிறாங்க. பேரும் தெருவும் தெரிஞ்சாப் போதும்.”

அவள் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். கையிலிருந்த போனைப் பார்த்தேன். யார் வீட்டுப் பிள்ளையோ... யார் அனுப்பினார்களோ...

“மகள் இல்ல. மகன் மட்டும்தான்” என்றேன், அரபியில்.

“என்ன கேக்கிறா அன்ரி?” என்றாள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

“ஒண்டுமில்ல மகள். சுகம் விசாரிக்கிறா.”

நூராவின் தகப்பன் பெயர் எனக்குத் தெரியும். தெருவும் தெரியும். இவள் உளவு பார்க்க வந்தவளாக இருந்தால் நூராவுக்குத்தானே ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நூரா வெளியே வந்தால் முதலில் யாரைப் பற்றிச் சொல்வாள்?

செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பெண் நான் துடைக்கும் நடைபாதையால் வகுப்புக்குப் போகிறாள். தரை ஈரம், பார்த்துப் போ என்று அரபியில் சொல்கிறேன். அவள் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் குனிந்து துடைக்கிறேன்.