பன்னிரண்டு இருக்கைகள்

போன வாரம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேசை நாட்காட்டி ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் செய்த பன்னிரண்டு முக உருவம், முகத்துக்கு ஒரு மாதம். எடுத்து முகர்ந்து பார்த்தேன். எதிரே இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த வாசனையைத் தேடினேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

அது என் அக்கா பிலோமினாவின் விரல்களில் இருந்த வாசனை. அறுபதுகளில் ராயபுரம் கடலோரத்தில் எங்களுக்கு ஓர் அறை வீடு. மாதா கோயிலில் தரும் பால் பவுடர் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, பள்ளிப் பொருட்காட்சிக்காக இதே உருவத்தை அக்கா ஒட்டினாள். உதவுகிறேன் பேர்வழி என்று நான் இரண்டு துண்டுகளைக் கோணலாக வெட்டியது தனிக்கதை.

நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். "இதும் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

"டோடெகஹீட்ரன் நைனா. கிரேக்க பாஷைல டோடெகான்னா பன்னெண்டு. ஹெட்ரான்னா குந்துற எடமாம். எந்தப் பக்கம் வெச்சாலும் குந்திக்கும். சிஸ்டர் சொன்னாங்க."

நைனா அறையைச் சுற்றிப் பார்த்தார். "நாம நாலு பேரு குந்தவே எடம் இல்ல. இதுக்குப் பன்னெண்டா?"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அக்காவுக்குக் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில், கப்பலிலிருந்து இறங்கிய உரமூட்டைகள் கயிறு அறுந்து நைனாவின் மேல் விழுந்தன. முகத்தை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அக்கா, "நான் எறா ஷெட்டுக்குப் போறேம்மா. தம்பி படிக்கட்டும்" என்றாள். வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸில் கிடந்த இறாலை உரித்து உரித்து அக்காவின் விரல்கள் வெடித்தன. பென்சில் பிடிக்க வராது. எனக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது அவள் வாயால் சொல்ல, நான் படம் வரைவேன். பிறகு இருமல் வந்தது. காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தவளிடம், எண்ணூரில் வேலை கிடைத்ததை ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வெயில்ல நிக்கற வேலையாடா?"

"இல்லக்கா, ஆபீஸ்."

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

சில ஆண்டுகளில் ஒரு புயலின்போது கடல் எங்கள் வீட்டு வரிசையையே எடுத்துக்கொண்டது. அக்காவின் ஒரே புகைப்படமும் அதோடு போயிற்று. இப்போது அங்கே கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். வீடு எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால், கற்களுக்கு அப்பால் தண்ணீரைத்தான் காட்ட வேண்டும்.