சூரியனுக்குச் சண்டை போட்ட வகுப்பு

அவள் பல வருடம் ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். வாஷிங் மெஷின் தண்ணீர் கக்கினாலும் டிவி புகைந்தாலும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாராவது கத்துவார்கள். இவள் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷே மன்னிப்புக் கேட்கிற இங்கிலீஷ்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த வேலைக்கு இயந்திரமே போதும் என்று ஒருநாள் கம்பெனி முடிவு செய்தது. கொஞ்ச நாள் கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் இருந்தாள். பிறகு கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லி, பல நாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள்.

படுக்கையறையின் மூலைதான் வகுப்பறை. பீரோவை ஒட்டி இஸ்திரி மேஜை, அதன்மேல் லேப்டாப், முதுகுக்குப் பின்னால் ஜன்னலை மறைத்து ஆணியடித்துக் கட்டிய வெள்ளைப் படுக்கை விரிப்பு. மின்விசிறி ஓடினால் மைக்கில் புயலடிக்கும் என்று நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்காருவாள். கீழே வாசலில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவள் கணவருக்கும் ஒரு சட்டம் உண்டு: வகுப்பு நேரத்தில் சுத்தியலைத் தொடக் கூடாது. அவரும் திருப்புளி வேலைகளை அந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

அவளுடைய ஒரு வகுப்பில் மூன்று பேர், மூன்று நாடு. ஐந்தாறு வயதுப் பொடிசுகள். பெயர்கள் அவள் வாயில் நுழையவே நாளாயிற்று. அதனால் வீட்டில் பேசும்போது அவர்கள் பூனைக்காரி, ஓட்டைப்பல், மௌனசாமி. முதல் இரண்டும் பெண்கள். மௌனசாமி மட்டும் பையன். 'எஸ்' தவிர வாய் திறக்காதவன்.

சேர்ந்த புதிதில் பூனைக்காரியின் அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "என் மகள் பாலைக் கொட்டிவிட்டுப் பூனையிடம் 'சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்' என்கிறாள். இது எந்தப் பாடத்தில் வருகிறது?"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கணவரிடம் காட்டினாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்க. படம் வர லேட்டானா சாரிங்கறேன், இருமினா சாரிங்கறேன். பிள்ளைங்க அதைத்தானே பிடிச்சுக்கும்?"

"இத்தனை வருஷம் ஊருக்கே மன்னிப்புக் கேட்ட வாய். ஒரே நாள்ல அடங்குமா?" என்றார் அவர். "மெதுவா விடு. பூனைக்காவது மரியாதை கிடைச்சுதே."

அன்றிலிருந்து வகுப்பில் அந்த வார்த்தையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். நாக்கு நுனிவரை வந்து நிற்கும், விழுங்கிக்கொள்வாள்.

அப்படியிருக்கையில்தான் வணக்கம் சொல்லும் பாடம் வந்தது. திரையில் ஒரு பையன் கட்டிலில் சோம்பல் முறிக்கிறான், ஜன்னலில் சூரியன். அவள் பளிச்சென்று சிரித்து, "குட் மார்னிங்" என்றாள்.

"நோ," என்றாள் ஓட்டைப்பல். "நைட்."

"மார்னிங்," என்றாள் பூனைக்காரி. அவள் இன்னும் இரவு உடையில்தான் இருந்தாள்.

"நைட்! லுக்!" ஓட்டைப்பல் லேப்டாப்பை அப்படியே தூக்கித் தன் ஜன்னலுக்குக் காட்டினாள். வெளியே இருட்டு, ஒரு தெருவிளக்கு.

அப்போது திரையில் மௌனசாமியின் கட்டம் ஆடியது. அவனும் எதையோ தூக்கிக்கொண்டு ஓடினான். திரை முழுக்க வெயில். "சன்," என்றான். "மை சன்."

'எஸ்' தாண்டி அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள்.

ஓட்டைப்பல்லுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யூ டேக் மை சன். கிவ்."

"நோ கிவ்," என்றான் மௌனசாமி. கொஞ்சம் யோசித்து, மனமிரங்கி, "டுமாரோ கிவ்," என்றான்.

"மீ ஆல்சோ சன்," என்று பூனைக்காரி தன் பங்குக்குப் பூனையையும் இழுத்துக்கொண்டு சண்டையில் இறங்கினாள்.

கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்திச் சோறு தின்ற கை தன்னால் மியூட் பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். இந்தச் சண்டையை ஏன் தீர்த்துவைக்க வேண்டும்? மூன்றும் இங்கிலீஷில் அல்லவா அடித்துக்கொள்கின்றன. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் நியாயம் கேட்டு அவளிடமே வந்தார்கள். "டீச்சர், யூ? மார்னிங்? நைட்?"

விரிப்பை ஒதுக்கி லேப்டாப்பைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். உச்சி தாண்டிய வெயில், கொடியில் துணி, கீழே முதுகு பிரித்துக் கிடந்த ஃப்ரிட்ஜ், அதன் பக்கத்தில் பனியனோடு கணவர். நிமிர்ந்து பார்த்தவர் திருப்புளியை ஆட்டி, "குட் ஆப்டர்நூன்," என்று உரக்கச் சொன்னார்.

மூன்று பேரும் சண்டையை மறந்து திரையில் மூக்கை ஒட்டினார்கள். இப்படி மூன்றாவதாக ஒன்று இருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் நிறுவனத்தின் மேற்பார்வையாளரான அம்மா ஒருவர் போன் செய்தார். வகுப்பின் பதிவைப் பார்த்திருக்கிறார்.

"மேடம், பாடத்துல முதல் பக்கமே முடியலையே."

"ஆமாங்க, முடியல," என்றாள். "ஆனா பேசினாங்க. அந்தப் பையன் பேசினதைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்," என்றார் அந்த அம்மா. குரலில் சிரிப்பு இருந்தது. "மிச்சத்தை அடுத்த வகுப்புல பாத்துக்கங்க. யாராவது கேட்டா நான் பேசிக்கறேன்."

இப்போது மௌனசாமிக்கு அந்தப் பெயர் பொருந்துவதில்லை. தொணதொணப்புத் தாங்கவில்லை என்று அவன் அப்பாவே ஒருநாள் திரையில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளை விரிப்பு மடிந்து பீரோவுக்குள் போய்விட்டது. இஸ்திரி மேஜையும் ஜன்னலோரம் நகர்ந்துவிட்டதால் கொஞ்சம் காற்றும் வருகிறது. கீழே அவள் கணவர், எந்த நேரத்தில் எந்த நாட்டுக்குக் காட்சி கொடுக்க வேண்டியிருக்குமோ என்று, பித்தான் எல்லாம் போட்ட சட்டையோடு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார்.