புளிப்புத் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம்

திருவிடந்தையில் சவுக்குத் தோப்பைத் தாண்டி உள்ளே போனால் சௌகத் அலியின் கோழி ஷெட். ஷெட்தான் அவருடையது, கோழி அவருடையதில்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்கும். வளர்த்துக் கொடுத்தால் வளர்ப்புக் கூலி. அதற்கு முன்னால் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டினார். வண்டியில் ஏறினவர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுப்பார், குழந்தை அழுதால் மிட்டாய் கொடுப்பார், வாடகையில் பாதி இந்த உபசாரத்திலேயே போய்விடும். யார் முகம் சுளித்தாலும் மனிதருக்குத் தாங்காது. நல்ல குணம்தான், ஆனால் அவரைக் கவிழ்த்ததெல்லாம் அந்தக் குணம்தான்.

போன தடவை வளர்த்த கோழிகளுக்குக் கழிச்சல் வந்து ஏகப்பட்டது செத்தது. இந்தத் தடவையும் அப்படி ஆனால் இனிமேல் இந்த ஷெட்டில் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வேனுக்கும் திரும்ப முடியாது. அதை விற்றுத்தான் ஷெட்டே போட்டிருந்தார்.

அப்போதுதான் கம்பெனி சூப்பர்வைசர் கலையரசன் பைக்கில் வந்து ஒரு வெள்ளைக் கேனை இறக்கினான்.

"பாய், இது ஆர்கானிக் ஆசிட். இந்த மூடியால அளந்து தண்ணி டேங்க்ல ஊத்துங்க. கோழி குடல்ல கெட்ட கிருமி தங்காது. ஆன்டிபயாடிக்க கொறச்சிகினு வர்றாங்க, இனிமே இதான்."

"சரிப்பா," என்றார் சௌகத் அலி. ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்து ஆர்கானிக் என்றால் ஈசிஆர் கடையில் கத்தரிக்காயை இரட்டை விலைக்கு விற்பது. ஆசிட் என்றால் பாத்ரூம் கழுவுவது. இரண்டும் ஒரே கேனுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தும்? கேட்டிருக்கலாம். படித்த பிள்ளையைக் கேள்வி கேட்டால் அவன் சங்கடப்படுவானோ என்று கேட்கவில்லை.

"ஆசிட்ட ஊத்துனா கோழி நல்லாருக்கும்ன்றான். இன்னா காலமோ," என்று மனைவி ஷாஹிதாவிடம் புலம்பினார்.

"மூடியால அளந்து ஊத்துங்க. அதுக்கு மேல உங்க மூளைய ஊத்தாதீங்க," என்றாள் அவள். அவளுக்கு அவரைத் தெரியும்.

அளந்துதான் ஊற்றினார். ஊற்றின பிறகு சும்மா இருந்தாரா? ஒரு வாய் குடித்துப் பார்த்தார். புளித்தது, முகம் கோணிற்று. கத்திரி வெயில், தகரக் கூரை, அதன் கீழே வாயில்லா ஜீவனுக்குப் புளித்த தண்ணீரா? நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் சர்பத் கலக்குகிறவர் அவர். எலுமிச்சையைப் பிழிந்த கை தானாகவே இனிப்பைத் தேடிப் போகும். வெல்லத்தை உடைத்துக் கரைத்து, ஷாஹிதாவின் பழைய துப்பட்டாவில் வடிகட்டி டேங்கில் ஊற்றினார். மறுபடி ருசி பார்த்தார். ஃபஸ்ட் கிளாஸ்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஷெட்டின் கடைக்கோடியில் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு உட்கார ஆரம்பித்தன. டேங்க் பக்கத்துக் கோழிகளோ ஜம்மென்று திரிந்தன. சௌகத் அலிக்குத் தலை சுற்றியது. அதே தீவனம், அதே தண்ணீர், ஒரே கூரை. சீக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வர வேண்டாமா? ஒரு பக்கமாகப் பார்த்து வருகிற சீக்கு உண்டா?

காற்றில்லையோ என்று ஃபேனைக் கடைக்கோடிக்கு நகர்த்தினார். ஆசிட் அதிகமோ என்று குறைத்தார். குறைத்தது தப்போ என்று கூட்டினார். கூட்டினால் புளிக்குமே என்று வெல்லத்தையும் கூட்டினார். காலையில் கோழிகள் செத்துக் கிடந்தன. கலையரசனுக்குப் போன் போட எடுப்பார், ஷெட்டை மூடச் சொல்லிவிடுவானோ என்று பயந்து வைத்துவிடுவார். எது செய்தால் எது ஆகிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

ஷாஹிதாதான் பார்த்தாள். கடைக்கோடியில் ஒரு கோழி, தண்ணீர்க் குழாயில் தொங்கும் நிப்பிளைக் கொத்துகிறது, நிறுத்துகிறது, மறுபடி கொத்துகிறது. அவள் விரலால் அழுத்தினாள். சொட்டுகூட வரவில்லை.

"இன்னாங்க, இதுல தண்ணியே வரல!" என்று கத்திவிட்டு, அவரைக் கேட்காமலே கலையரசனுக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து குழாயின் கடைசி மூடியைத் திருகினான். புளித்த கஞ்சி மாதிரி கொழகொழவென்று கொட்டியது. கள் நாற்றம்.

"பாய், ஆசிட்டோட வேற இன்னா போட்டீங்க?"

சொன்னால் ஷெட் போச்சு. சொல்லாவிட்டால் வாயைப் பிளந்து கிடப்பவை போச்சு. சௌகத் அலி கடைக்கோடியைப் பார்த்தார். "வெல்லம்," என்றார்.

கலையரசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வெல்லம் சேந்தா ஈஸ்ட்டு பெருகும் பாய். ஆசிட் அத ஒண்ணும் பண்ணாது. கடைசி நிப்பிள்ங்கதான் மொதல்ல அடைக்கும். கோழி சீக்குல சாவல, தாகத்துல செத்துகினு கீது."

மூன்று பேருமாக டேங்கைக் கழுவி, குழாய் முழுக்கத் தண்ணீரைப் பாய்ச்சி, நிப்பிள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ஆசிட்டை மட்டும் அளந்து ஊற்றினார்கள். கோழிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குடித்தன. எழ முடியாதவற்றுக்கு ஷாஹிதா தட்டில் வைத்தாள். கலையரசன் மேனேஜருக்குப் போன் போட்டான். "குழாய் அடைச்சி கொஞ்சம் போயிடுச்சி சார். சீக்கு இல்ல. அடுத்த குஞ்ச எறக்கலாம்."

ஷெட் தப்பித்தது. சௌகத் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனது கேட்கவில்லை.

"தம்பி, இனிமே வெல்லம் போட மாட்டேன், சத்தியமா. ஆனா அந்தப் புளிப்ப அதுங்க எப்பிடிக் குடிக்கும்? பாவமில்லயா?"

"இந்தக் கொஞ்சூண்டு புளிப்ப கோழி கண்டுக்காது பாய்," என்றான் கலையரசன், கையைக் கழுவிக்கொண்டே. "இனிப்பு அதுக்குத் தெரியவே தெரியாது. அந்த ருசியே கெடயாது அதோட நாக்குல."

சௌகத் அலிக்கு இது முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, செத்ததையெல்லாம் போட்டிருந்த கூடைப் பக்கம் திரும்பி நின்றார்.

"அப்ப நான் யாருக்குப் போட்டேன் ஷாஹிதா?" என்று கேட்டார்.

அவள் குழி வெட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தாள்.